ஐ7 என்றால் போதுமா? வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ப்ராசசர் தேர்ந்தெடுக்கும் வழி

போன ஜூன் மாதம் எதிர்வீட்டு அக்கா ஒரு கொட்டேஷன் தாளோடு வந்தார். மகள் இன்ஜினியரிங் முதல் வருடம் சேர்கிறாள், வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். 18,000 ரூபாய்க்கு "ஐ7 சிஸ்டம்" தருகிறோம் என்று ஒரு கடையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி, கண்ணாடி வைத்த புது கேபினட், உள்ளே கலர் விளக்கு. "ஐ7தானே தம்பி பெரிசு? அட்வான்ஸ் கொடுத்துடட்டுமா?" என்று கேட்டார். தாளை இரண்டு முறை படித்தேன். கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசரின் மாடல் எண் எங்கேயும் இல்லை. கடைக்கு ஃபோன் செய்து கேட்டதும், கொஞ்ச நேரம் கழித்து, ஐ7-3770 என்று பதில் வந்தது.

அது 2012-ல் வந்த ப்ராசசர். நாலு கோர் (உள்ளே வேலை செய்யும் பகுதி), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசை). அந்தக் காலத்தில் நல்ல ப்ராசசர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் 2022-ல் வந்த ஐ3-12100-லும் அதே நாலு கோர், எட்டு த்ரெட்தான் இருக்கிறது. வேகத்தில் அந்தப் பழைய ஐ7 இதன் பக்கத்தில்கூட நிற்காது. விண்டோஸ் 11 போட, பொதுவாகச் சொன்னால், இன்டெல் நிறுவனத்தின் ப்ராசசர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ, ஏஎம்டி நிறுவனத்தின் ப்ராசசர் என்றால் ரைசன் 2000 வரிசையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் விதி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்தப் பெண் நாலு வருடம் வைத்துப் படிக்க வேண்டிய கம்ப்யூட்டருக்கு, வாங்கும் அன்றைக்கே வயதாகியிருந்தது.

அன்று அக்காவோடும் அந்தப் பெண்ணோடும் உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். முதன்முறையாக ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்ய நினைக்கிறவர்களுக்கு இது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ப்ராசசர் தனியாக வாங்குகிற பொருள் இல்லை. அதைத் தேர்ந்தெடுத்த நிமிடமே மதர்போர்டு (எல்லாம் மாட்டும் அடிப்பலகை), ராம் வகை, கூலர், எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) எல்லாவற்றிலும் பாதி முடிவு ஆகிவிடுகிறது. அதனால் ப்ராசசர் விலையை மட்டும் வைத்து இரண்டை ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும்.

1. முதலில் வேலையை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, இந்தக் கம்ப்யூட்டரில் யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று எழுதுங்கள். பக்கத்திலேயே வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்றும் போடுங்கள். இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். "வீடியோ எடிட்டிங்" என்று பலர் எழுதுவார்கள். மணி நேரம் போடச் சொன்னால் வருடத்துக்கு இரண்டு பிறந்தநாள் வீடியோ என்று தெரியவரும். அதற்காகப் பெரிய ப்ராசசர் வாங்க வேண்டாம். அந்த இரண்டு நாளும் பத்து நிமிடம் கூடுதலாகக் காத்திருந்தால் போயிற்று.

பிரவுசர், யூடியூப், ஆன்லைன் வகுப்பு, வேர்டு, எக்செல், டேலி, இவ்வளவுதான் வேலை என்றால் ஐ3-12100 மாதிரியான நாலு கோர் ப்ராசசர் தாராளம். மிச்சமாகும் பணத்தில் ராமை 16 ஜிபி ஆக்குங்கள், நல்ல எஸ்எஸ்டி போடுங்கள். தினமும் கண்ணுக்குத் தெரிகிற வேகம் அங்கேதான் கிடைக்கும்.

ப்ரோகிராமிங் படிக்கிற பிள்ளைகள், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, வர்ச்சுவல் மெஷின் என்று போகிறவர்கள் ஆறு கோரில் தொடங்கலாம். ஆட்டோகேட் வரைகிறவர்களுக்குக் கோர் எண்ணிக்கையைவிட ஒற்றைக் கோரின் வேகம்தான் உதவும், ஏனென்றால் அந்த மென்பொருள் பெரும்பாலான வேலையை ஒரே கோரில்தான் செய்கிறது.

வீடியோ எடிட்டிங் உண்மையாகவே வாராவாரம் உண்டு என்றால் இன்டெலுக்கு ஒரு தனி அனுகூலம் இருக்கிறது. இன்றைய ஃபோன்கள் எடுக்கும் ஹெச்இவிசி வகை வீடியோவை விரித்துக் காட்ட, இன்டெல் ப்ராசசரின் கிராஃபிக்ஸ் பகுதிக்குள் க்விக் சிங்க் என்று ஒரு தனிச் சுற்று இருக்கிறது. ப்ரீமியர் ப்ரோ போன்ற மென்பொருள்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். டைம்லைனில் இழுக்கும்போது திக்கித் திக்கி நிற்காது.

கேம் விளையாடத்தான் என்றால், உங்கள் பணம் முதலில் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு இது: ப்ராசசருக்கு ஒரு பங்கு என்றால் கார்டுக்கு இரண்டு பங்கு. இதைத் தலைகீழாகச் செய்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

2. மானிட்டருக்குப் படம் எங்கிருந்து வரும்?

புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. நானும் விழுந்தேன். 2022-ல் என் தம்பிக்காக முதன்முதலாக ஏஎம்டி சிஸ்டம் போட்டேன். ரைசன் 5 5600 வாங்கியிருந்தேன். மதர்போர்டின் பின்பக்கம் எச்டிஎம்ஐ இருந்தது, அதில் கேபிளைச் செருகினால் படம் வந்துவிடும் என்று நம்பினேன். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, மானிட்டர் மட்டும் கறுப்பாகவே நின்றது. ராமைக் கழற்றி மாட்டினேன், கேபிளை மாற்றினேன், ராத்திரி பதினொன்று வரை போராடினேன். மறுநாள் தெரிந்த ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: அந்த ப்ராசசருக்குள் கிராஃபிக்ஸே கிடையாது. மதர்போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ ஒரு வாசல் மட்டும்தான். படத்தை ப்ராசசர்தான் அனுப்ப வேண்டும். கடைசியில் அவரிடமே ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டை இரவல் வாங்கித்தான் அந்தக் கம்ப்யூட்டர் ஓடியது.

எனவே விதியை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்டெலில் பெயரின் கடைசியில் எஃப் என்று இருந்தால் கிராஃபிக்ஸ் இல்லை. ஐ5-12400-ல் உண்டு, ஐ5-12400எஃப்-ல் கிடையாது. மேலே சொன்ன க்விக் சிங்க்கும் எஃப் வகையில் சேர்ந்தே போய்விடும். ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட்டுக்கான (சாக்கெட் என்பது போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்) ப்ராசசர்களில் பெயரில் ஜி இருந்தால்தான் கிராஃபிக்ஸ்: 5600ஜி-ல் உண்டு, 5500, 5600, 5600எக்ஸ் எதிலும் இல்லை. ஏஎம்5-க்கு வந்த ரைசன் 7000, 9000 வரிசையில் எஃப் போட்டவை தவிர மற்றவற்றில் சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் பகுதி இருக்கிறது. ரைசன் 5 7600-ல் உள்ளது படம் காட்டவும் வீடியோ பார்க்கவும் போதும். அதை நம்பிக் கேமில் இறங்க முடியாது.

கார்டு வாங்கப் பணமில்லை, ஆனால் கொஞ்சம் விளையாடவும் வேண்டும் என்றால் ஜி வகைதான் உங்களுக்கு. 5600ஜி-ல் வாலரண்ட் போன்ற எளிய கேம்கள் நன்றாகவே ஓடும். பட்ஜெட் கூடுதலாக இருந்தால் 2024 ஜனவரியில் வந்த 8600ஜி இன்னும் ஒரு படி மேல். இவை மதர்போர்டில் உள்ள ராமைத்தான் கிராஃபிக்ஸ் நினைவகமாகவும் எடுத்துக்கொள்ளும். அதனால் 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்கிப் போடுங்கள். இரண்டு பாதையில் போக்குவரத்து நடக்கும். கேமில் கிடைக்கும் வேக வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எஃப் வகைக்கும் சாதா வகைக்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் சாதா வகையையே வாங்குங்கள். கார்டு பழுதாகி சர்வீஸுக்குப் போன இரண்டு மூன்று வாரம், வீட்டில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

3. பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே வருடத்தில் வந்த ப்ராசசர்களுக்குள் இருக்கும் படிநிலை. வருடம் மாறினால் அதற்கு அர்த்தம் இல்லை. ஐ5-12400 என்பதில் 12 என்பது பன்னிரண்டாம் தலைமுறை, 400 என்பது அந்தத் தலைமுறையில் அதன் இடம். கடைசியில் எழுத்து வந்தால், எஃப் என்பது கிராஃபிக்ஸ் இல்லை, கே என்பது ஓவர்கிளாக் செய்யலாம் (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம்), பெட்டியில் கூலர் வராது. 2024 அக்டோபரில் வந்த இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசர்களில் 'ஐ' போய், 'கோர் அல்ட்ரா 5 245கே' என்கிற மாதிரிப் பெயர் மாறிவிட்டது.

ஏஎம்டியிலும் இதே முறைதான். ரைசன் 5 7600 என்றால் 5 படிநிலை, 7000 வரிசை. எக்ஸ் என்பது கொஞ்சம் கூடுதல் வேகம், கூடுதல் மின்சாரம். எக்ஸ்3டி என்பது கேம் விளையாடுகிறவர்களுக்காக, ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகத்தை அடுக்கிப் பெரிதாக்கியது.

பெயர் ஏமாற்றும் இடங்களும் உண்டு. ரைசன் 5 5500-ம் 5600-ம் பெயரில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இரண்டுக்கும் ஆறு கோர். ஆனால் 5500-ல் எல்3 கேஷ் 16 எம்பி, 5600-ல் 32 எம்பி. 5500-ல் பிசிஐஇ (கார்டும் எஸ்எஸ்டியும் ப்ராசசரோடு பேசும் பாதை) பழைய 3.0 வேகம்; 5600-ல் 4.0. இன்னொன்று, 8600ஜி என்ற எண்ணைப் பார்த்து அது 7600-ஐவிடப் புதிய வடிவமைப்பு என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஸென் 4 என்ற ஒரே வடிவமைப்புதான், கேஷ் 8600ஜி-ல் பாதி. தனிக் கார்டு போடுகிறவர்களுக்கு 7600-தான் சரி. இன்டெலிலும் ஐ5-13400, ஐ5-14400 இரண்டுக்கும் அதே பத்து கோர், அதே பதினாறு த்ரெட். புதியதற்கு அதிக விலை கேட்டால் பழையதையே வாங்குங்கள், ஒன்றும் இழக்க மாட்டீர்கள்.

4. கோர், த்ரெட், கிகாஹெர்ட்ஸ்

கல்யாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கோர் என்பது சமையற்காரர். ஆறு பேர் இருந்தால் ஆறு அடுப்பில் வேலை நடக்கும். ஆனால் பாகு பதம் பார்ப்பது ஒருவர் வேலை. அங்கே இன்னும் ஐந்து பேர் சுற்றி நின்றாலும் அது சீக்கிரம் வந்துவிடாது. நாம் வீட்டில் செய்யும் பெரும்பாலான வேலை இந்தப் பாகு பதம் மாதிரிதான். பக்கம் திறப்பது, ஃபைல் திறப்பது, மெனு விரிவது எல்லாம் ஒரு கோரின் வேகத்தில்தான் நிற்கும். வீடியோ ரெண்டர் செய்வது, பெரிய ப்ரோகிராமைக் கம்பைல் செய்வது, இவை மட்டும்தான் எல்லாக் கோரையும் இழுத்துப் போட்டு வேலை வாங்கும்.

இன்டெல் பன்னிரண்டாம் தலைமுறையிலிருந்து இரண்டு வகைக் கோர் வைக்கிறது: வேகமான பி-கோர், சிக்கனமான இ-கோர். தலைமைச் சமையற்காரரும், காய் நறுக்கிக் கொடுக்கும் கைகளும் என்று வைத்துக்கொள்ளலாம். ஐ5-13400-ல் பத்து கோர் என்று போட்டிருந்தால் ஆறு பி, நாலு இ. ஐ5-12400-ல் ஆறுமே பி. "பத்து கோர், ஆறு கோர்" என்று மேலோட்டமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தெரியும். அன்றாட வேலையில் அவ்வளவு இல்லை.

கிகாஹெர்ட்ஸை வைத்து ஒப்பிடுவதை அடியோடு விட்டுவிடுங்கள். 2004-லேயே பென்டியம் 4 ப்ராசசர் 3.8 கிகாஹெர்ட்ஸ் ஓடியது. இன்றைய ஐ5-12400 உச்சத்தில் 4.4. எண் கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது, ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் செய்யும் வேலை பல மடங்கு கூடிவிட்டது. ஒரே குடும்பத்து ப்ராசசர்களுக்குள் வேண்டுமானால் அந்த எண்ணைப் பாருங்கள்.

விமர்சன வீடியோக்களில் காட்டும் பட்டை வரைபடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ப்ராசசர் வித்தியாசம் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக அவர்கள் இருப்பதிலேயே வேகமான கிராஃபிக்ஸ் கார்டைப் போட்டுச் சோதிப்பார்கள். அது சோதனைக்குச் சரியான முறைதான். ஆனால் உங்கள் வீட்டில் நடுத்தரக் கார்டுதான் இருக்கப்போகிறது என்றால், அந்த வரைபடத்தில் தெரியும் வித்தியாசத்தில் பெரும் பகுதி உங்களுக்குக் கிடைக்காது, கார்டே தடையாக நின்றுவிடும். ரைசன் 7 7800எக்ஸ்3டி 96 எம்பி கேஷோடு கேமில் அபாரமான ப்ராசசர். அதை ஒரு சின்னக் கார்டோடு சேர்த்தால் கொடுத்த பணம் வீண்.

5. மதர்போர்டையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள்

ஒவ்வொரு ப்ராசசரும் ஒரு குறிப்பிட்ட சாக்கெட்டில்தான் உட்காரும். இன்று கடையில் நாலு சாக்கெட் பார்ப்பீர்கள். இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 1700. கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851. ஏஎம்டியில் 2017-லிருந்து ரைசன் உட்கார்ந்துவரும் ஏஎம்4, 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5.

சாக்கெட்டுக்கு எவ்வளவு ஆயுள் என்பதை யாரும் கடையில் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். ஏஎம்4 இதில் நல்ல உதாரணம். 2017-ல் வாங்கிய பி350 போர்டுகள் பலவற்றில் பயாஸை (போர்டுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருள்) மட்டும் புதுப்பித்துவிட்டு, 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி வரை போட முடிந்தது. ஐந்து வருடம் கழித்து, போர்டையும் ராமையும் தொடாமல், ப்ராசசரை மட்டும் மாற்றிப் புதுக் கம்ப்யூட்டர் ஆக்கிக்கொண்டார்கள். நடுத்தரக் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! ஏஎம்5-ஐ 2027-க்கும் அப்பால் வைத்திருப்போம் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்டெல் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒருமுறை சாக்கெட்டை மாற்றிவிடும் வழக்கம் உள்ள நிறுவனம். எல்ஜிஏ 1700 வாங்கினால், இப்போது வாங்குவதுதான் கிட்டத்தட்ட கடைசி என்ற எண்ணத்தோடு வாங்குங்கள்.

அப்படியென்றால் எல்லோரும் ஏஎம்5-க்குப் போக வேண்டியதுதானே? அங்கேதான் ராம் குறுக்கே வருகிறது. ஏஎம்5-லும் எல்ஜிஏ 1851-லும் டிடிஆர்5 வகை ராம் மட்டும்தான். ஏஎம்4-ல் டிடிஆர்4 மட்டும். எல்ஜிஏ 1700-ல் போர்டைப் பொறுத்து இரண்டில் ஒன்று. 2025-ன் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவு தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதால், ராம் விலை கடுமையாக ஏறியது. ப்ராசசரில் இரண்டாயிரம் மிச்சம் பிடித்து ராமில் நாலாயிரம் விடுவது இப்போது சுலபமாக நடக்கும். அதனால் ப்ராசசர், போர்டு, ராம் மூன்றையும் ஒன்றாகக் கூட்டி, அந்த மொத்தத்தை வைத்து மட்டும் ஒப்பிடுங்கள். பழைய கம்ப்யூட்டரில் நல்ல டிடிஆர்4 ராம் இருக்கிறதா? அப்படியென்றால் ஏஎம்4 அல்லது டிடிஆர்4 போர்டோடு எல்ஜிஏ 1700, யோசிக்கவே வேண்டாம்.

போர்டின் தரத்தையும் ப்ராசசருக்கு ஏற்றபடி பாருங்கள். இன்டெலில் எச்610 மலிவானது, ஐ3-க்கும் ஐ5-12400-க்கும் போதும். அதில் போய் ஐ9-ஐ மாட்டினால் மின்சாரம் கொடுக்கும் பகுதி சூடேறி, ப்ராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கே ப்ராசசர் வாங்கி ஓவர்கிளாக் செய்ய இஸட் வரிசைப் போர்டு வேண்டும். பி760 வாங்கிவிட்டுக் கே-க்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பெரிய அர்த்தம் இல்லை. ஏஎம்டியில் பி வரிசைப் போர்டிலேயே ஓவர்கிளாக் முடியும், ஏ வரிசையில் முடியாது.

என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். கேம் இல்லாத வீட்டுக்கு ஐ5-12400, எஃப் இல்லாதது. சின்னச் சின்ன கேம், கார்டு இல்லை என்றால் 5600ஜி. கிராஃபிக்ஸ் கார்டோடு புதிதாகத் தொடங்கி, நாலைந்து வருடம் கழித்து ப்ராசசரை மட்டும் மாற்றும் எண்ணமும் இருந்தால் ரைசன் 5 7600. இந்த மூன்றுக்குள் பெரும்பாலான வீடுகள் அடங்கிவிடும்.

6. சூடும் கரண்டும்

மே மாதத்தில் வேலூரிலோ திருச்சியிலோ வெளியே 40 டிகிரி அடிக்கும்போது, ஏசி இல்லாத அறைக்குள் கேபினட் நிற்கப்போகிறது. கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அறையின் சூட்டுக்குக் கீழே ப்ராசசரைக் கொண்டுபோக முடியாது. குளிர் நாடுகளிலிருந்து வரும் விமர்சனங்களில் 75 டிகிரி என்று பார்த்தால், நம் வீட்டில் அதற்கு மேல் பத்துப் பதினைந்து டிகிரி போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியில் 65 வாட் என்று எழுதியிருப்பது உச்ச அளவு இல்லை. ஐ5-12400 முழு வேகத்தில் 117 வாட் வரை எடுக்க அனுமதி உண்டு. ரைசன் 65 வாட் வகைகள் 88 வாட் வரை போகும். ஐ9-14900கே-க்கு அந்த எண் 253. முதல் இரண்டையும் பெட்டியோடு வரும் கூலரே சமாளிக்கும், வெயில் காலத்தில் ஃபேன் சத்தம் மட்டும் கூடும். கடைசியில் சொன்னதற்குப் பெரிய கூலர், பெரிய எஸ்எம்பிஎஸ், பெரிய யூபிஎஸ் என்று செலவு வால் பிடித்துக்கொண்டே வரும்.

யூபிஎஸ்ஸை மறந்துவிடாதீர்கள். நம் வீடுகளில் அதிகம் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் சுமார் 360 வாட் தாங்கும். 65 வாட் ப்ராசசர், கார்டு இல்லாத கம்ப்யூட்டர், ஒரு மானிட்டர் என்றால் அது போதும். 100 வாட் கூடுதலாக இழுக்கும் ஒரு கம்ப்யூட்டர் தினமும் ஐந்து மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால், இரண்டு மாத மின்கட்டணத்தில் 30 யூனிட் ஏறும். கேபினட்டோடு சும்மா வருகிறது என்று தரும் பெயரில்லாத எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் வாங்காதீர்கள். மின்சாரம் ஏறி இறங்கும்போது முதலில் போவது அது, போகும்போது தனியாகவும் போகாது.

7. கடையில்

சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும், உங்கள் ஊர்ப் பஜாராக இருந்தாலும், இணையத்தில் வாங்கினாலும், கொட்டேஷனில் ப்ராசசரின் முழு மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை எழுதித் தரச் சொல்லுங்கள். "ஐ5 12-வது ஜென்" என்று மட்டும் எழுதினால் எஃப் வந்து உட்காரும். விலை 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள்.

பெட்டியோடு வருவது வேறு, ட்ரே ப்ராசசர் வேறு. ட்ரே என்பது கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களுக்காக மொத்தமாகத் தட்டில் வருவது. விலை குறையும், கூலர் இருக்காது, வாரண்டி பெரும்பாலும் கடைக்காரர் வாக்குதான். பெட்டியில் வருவதற்கு இன்டெலும் ஏஎம்டியும் மூன்று வருட வாரண்டி தருகின்றன. புதிதாக வாங்குகிறவர்கள் பெட்டியையே வாங்குங்கள், பில்லில் சீரியல் எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

போர்டு வாங்கும்போது, இந்த ப்ராசசருக்கு வேண்டிய பயாஸ் ஏற்கெனவே அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய இருப்பில் உள்ள பி660 போர்டு 13-ஆம் தலைமுறையையும், பழைய பி650 போர்டு ரைசன் 9000-ஐயும் பயாஸ் புதுப்பிக்காமல் ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லி வாங்கிவிடுவது நல்லது.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையில் ஐ5-13600கே, 14600கே தொடங்கி மேலே உள்ளவற்றை வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அவற்றில் சில, தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கி, நாளடைவில் நிலைகுலைந்தன. 2024-ல் இன்டெல் காரணத்தைக் கண்டறிந்து திருத்தம் வெளியிட்டது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது. கெட்டுப்போன ப்ராசசரை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. அதனால் இந்த வகையைச் செகண்ட் ஹேண்டில் வாங்க வேண்டாம். புதிதாக வாங்கினால் விண்டோஸ் போடுவதற்கு முன்பே புது பயாஸைப் போட்டுவிடுங்கள்.

8. பொருத்தும் நாள்

ப்ராசசரின் ஒரு மூலையில் சின்ன முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் அதேபோல் ஒன்று. இரண்டும் சேர வைத்து, ப்ராசசரை மெதுவாக விடுங்கள், அழுத்தக் கூடாது. ஏஎம்4-ல் பின்கள் ப்ராசசரின் அடியில் இருக்கும். ஏஎம்5-லும் இன்டெலிலும் போர்டில் இருக்கும். எங்கே இருந்தாலும் விரல் படக் கூடாது. இன்டெல், ஏஎம்5 போர்டுகளில் சாக்கெட்டைப் பூட்டும் கம்பியை இறக்கும்போது பயமாக இருக்கிற அளவுக்கு விசை வேண்டும், அது இயல்பு. மேலே இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து வரும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது பின்களைக் காக்க அது வேண்டும்.

பெட்டியோடு வரும் கூலரின் அடியில், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் பூசியே வரும், மறுபடி பூச வேண்டாம். இன்டெல் கூலரின் நாலு காலையும் எதிரெதிர் மூலையாக அழுத்திப் பூட்டுங்கள், பிறகு போர்டின் பின்பக்கம் நாலும் வெளியே தெரிகிறதா பாருங்கள். ஏஎம்4-ல் பின்னாளில் கூலரைக் கழற்றும்போது, கம்ப்யூட்டரைச் சிறிது நேரம் ஓட்டிப் பேஸ்ட் இளகிய பிறகு அணைத்து, கூலரை இடமும் வலமுமாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் ப்ராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும்.

முதல் முறை சுவிட்ச் போட்டதும் ஏஎம்5 கம்ப்யூட்டரில் சில நிமிடம் வரை ஒன்றும் தெரியாது. ராமோடு ஒத்துப்போகும் அளவுகளைப் போர்டு சோதித்துக்கொண்டிருக்கும். பயந்து அணைத்து அணைத்துப் போடாமல், ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். படம் வந்ததும் பயாஸில் நுழைந்து, ப்ராசசர் பெயர் பில்லில் உள்ளதுதானா என்று சரிபாருங்கள். அங்கேயே, ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்பதை இயக்குங்கள். இல்லாவிட்டால் 6000 என்று விலை கொடுத்து வாங்கிய ராம் பெரும்பாலும் 4800-லேயே ஓடிக்கொண்டிருக்கும். கார்டு போட்டவர்கள் மானிட்டர் கேபிளைக் கார்டில்தான் செருக வேண்டும், போர்டில் அல்ல.

எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கடைசியில் ஐ5-12400, டிடிஆர்4 எடுக்கும் எச்610 போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு வாங்கினோம். ப்ராசசரை அவளே பொருத்தினாள், நான் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தேன். கம்பியை இறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்ததும் பில், ப்ராசசர் பெட்டி, சாக்கெட் மூடி மூன்றையும் ஒரு பையில் போட்டு, வாரண்டி முடியும் தேதியை மேலே எழுதி, அக்கா பரண் மேல் வைத்துவிட்டார்.